விரிக்காத துணி

பிப்ரவரி 11

அண்ணா,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்று அண்ணி சொல்லிவிட்டார். "உன் பேரைப் பார்த்தாலே போனைக் கவுத்து வச்சிடுறார், நான் என்னம்மா பண்ணட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். இதற்கு முன் உனக்குக் கடிதம் எழுதியது நீ பயிற்சி முகாமில் இருந்தபோது. அப்போதும் நீ பதில் போடவில்லை. அந்தப் பழக்கம் இந்த ஒரு முறையாவது மாறட்டும்.

அப்பாவை எடுத்த அன்று எல்லார் முன்னாலும் "உன் நாய் பொய் சொல்லுது" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. சொன்னதை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை.

தம்பி சின்னவனுடைய வக்கீல் ஆய்வுக்கூட அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பியிருக்கிறார். நானும் அதே வேலையில் இருப்பவள் என்பதால் படித்துச் சொல்லச் சொன்னார். எரிந்த நம் வீட்டுச் சாம்பல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் என்னைத் தொட விட்டிருக்க மாட்டார்கள், அதுதான் முறை. அப்பா செத்த வீட்டின் கரியை மகள் சோதிக்கக் கூடாது. மகன் மட்டும் நாயோடு உள்ளே போகலாம் போலிருக்கிறது.

நான் படித்தது இது. நீ நான்கு தகர டப்பாக்களில் எடுத்து அனுப்பியிருக்கிறாய். இரண்டு டப்பாவில் சமையலறைத் தரை. அவற்றில் பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை. மூன்றாவதில் பின்வாசலை ஒட்டிய பலகை. அதில் டர்பன்டைன் வகை. நான்காவது சின்னவனின் சட்டை, அதில் பெட்ரோல். அவன் பைக் மெக்கானிக். அவன் சட்டையில் பெட்ரோல் இல்லாமல் இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அந்தப் பின்வாசல் பலகை என்ன மரம்? ஒப்பிட்டுப் பார்க்க அதே மரத்தில் எரியாத துண்டு ஒன்று எடுத்தாயா? அறிக்கையில் அப்படி ஒரு டப்பாவே இல்லை.

அவன் ஜெயிலுக்குப் போய் ஒரு மாதம் தாண்டிவிட்டது. வக்கீலிடம்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானாம். அப்பாவை உள்ளே விட்டுக் கொளுத்தினான் என்று ஏப்ரலில் கோர்ட்டில் படிக்கப் போகிறார்கள். நான் வர முடியாது. இனி பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கிருந்து என்னால் எழுதத்தான் முடியும். நீ பதிலாவது எழுது.

தங்கை


பிப்ரவரி 19

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. இந்த வழக்கில் நான் சாட்சி. போனில் பேசினால் என்ன பேசினோம் என்று நாளைக்கு யாருக்கும் காட்ட முடியாது. எழுதினால் காட்டலாம். உன் கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, அவர் படித்த பிறகே பதில் எழுதுகிறேன்.

அந்த வீட்டுக்குப் போனது நான் கேட்டு வாங்கிய வேலை இல்லை. தீயணைப்புத் துறையில் இந்த வட்டாரத்துக்கு இருப்பது ஒரே நாய். அதைக் கையாளத் தெரிந்தவன் நான் ஒருவன். "உன்னால முடியுமா?" என்று மேலதிகாரி கேட்டார். முடியும் என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முன்வாசல் வழியாகப் போனோம். கூடத்தில் நாய் மிளகு எதையும் காட்டவில்லை. அப்பா கிடந்த அறையில் நான் நிற்கவில்லை, அங்கேயும் எதுவும் இல்லை. சமையலறையில் மேடைக்குக் கீழே உட்கார்ந்தது, பழக்கிய வாசனை கிடைத்தால் அது உட்காரும். ஜன்னலடியில் உட்கார்ந்தது. பின்வாசலில் கயிற்றைத் தளர்த்தி நின்றேன், ஏனென்றால் வெளியிலிருந்து ஒருவன் ஊற்றுவதென்றால் அங்கேதான் ஊற்றுவான். மிளகு ஒரு சுற்று சுற்றியது, என்னைப் பார்த்தது, உட்கார்ந்தது. பிறகு ஸ்டேஷனில் வரிசையாகப் போட்ட சட்டைகளில் சின்னவனுடைய சட்டைக்கு முன்னால் உட்கார்ந்தது.

உங்கள் கருவிக்குத் தெரியாத அளவுகூட நாயின் மூக்குக்குத் தெரியும். டப்பாவில் இல்லை என்று கருவி சொன்னால் தரையிலும் இல்லை என்று ஆகாது.

பக்கத்து வீட்டு டெய்லர் அன்று காலை அப்பாவும் அவனும் சண்டை போட்டதைக் கேட்டிருக்கிறார். "எரிஞ்சு போகட்டும் இந்த வீடு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் புகை. நடுவில் எங்கே இருந்தான் என்று கேட்டால் "சும்மா சுத்தினேன்" என்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

தம்பியை நான் பிடித்துக் கொடுத்தேன் என்று நினைக்கிறாய். நாய் உட்கார்ந்தது. நான் எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பலகை பைன் மரம், பழைய பேக்கிங் பெட்டியிலிருந்து எடுத்தது. எரியாத துண்டு எடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

முதலில் விசாரணை அதிகாரிக்கு வணக்கம். நீங்களும் படிப்பீர்கள் என்று தெரிந்ததும் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன், சார்.

இப்போது பலகை. டர்பன்டைனை எதிலிருந்து வடிக்கிறார்கள்? பைன் மரத்துப் பிசினிலிருந்து. பைன் பலகையைச் சூடாக்கினால் டர்பன்டைனில் இருக்கும் அதே பொருள்கள் அதிலிருந்து தானாகவே வரும். யாரும் ஊற்ற வேண்டாம். கருவியிலிருந்து வரும் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முனை எழும். பலகையை மட்டும் எரித்த வரைபடத்தையும் உன் டப்பாவின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. அதற்காகத்தான் எரியாத துண்டு கேட்டேன். போன மாதம் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்கூட முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்.

ஆக, மிளகு உட்கார்ந்த மூன்று இடங்களில் இரண்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மரம்தான் இருக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "கயிற்றைத் தளர்த்தி நின்றேன்." நீ நின்றாய், அது உன்னைப் பார்த்தது, பிறகு உட்கார்ந்தது. அப்பா கிடந்த அறையில் நீ நிற்கவில்லை, அதுவும் நிற்கவில்லை. மிளகுக்குத் தட்டில் சோறு வைப்பதில்லை, கண்டுபிடித்தால்தான், அதுவும் உன் கையிலிருந்துதான் என்று நீதானே பெருமையாகச் சொல்வாய். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எந்தச் செய்தியும் காதுல வாங்கக் கூடாது, வாங்கினா அது கயிறு வழியா நாய்க்குப் போயிடும்" என்று பாடம் எடுத்தாய். பாவம், அவர்கள் சாப்பிடக் காத்திருந்தார்கள்.

டெய்லர் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாயா, கேட்பதற்கு முன்னால் போனாயா?

இன்னொன்று. நெருப்பு எங்கே பிடித்தது என்று நீ எழுதவே இல்லை, எங்கே ஊற்றினான் என்றுதான் எழுதியிருக்கிறாய். பின்னால் துவைக்கிற இடத்தில் என்ன இருந்தது? அது யாரோ ஒருவர் வீடு என்று நினைத்துக்கொள். அப்படிப் பார்த்து எழுது.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

கேட்ட பிறகுதான் போனேன்.

துவைக்கும் இடம் பின்வாசலுக்கு வெளியே. மேலே தகரக் கூரை, மரச் சட்டம். இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. வலது மூலையில் சுவரோடு சேர்த்து பழைய செய்தித்தாள் கட்டு, எண்ணெய் பூச அப்பா வாங்கிப் போட்ட உடைந்த நாற்காலிகள், ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. வாளி உருகித் தரையோடு ஒட்டிவிட்டது. அதற்குள் துணி கரியாகக் கிடக்கிறது, மடிப்பு மடிப்பாக. அந்த மூலையில் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. வீட்டில் வேறெங்கும் சுவர் அவ்வளவு வேகவில்லை. கூரைச் சட்டமும் அந்த மூலையில்தான் முதலில் விழுந்திருக்கிறது. மிளகு அதைத் தாண்டிப் போனது. அதனால் அங்கே டப்பா எடுக்கவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை மறுநாள் எழுதுகிறேன்.

நீ அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குக் கேள்வி அனுப்புகிறாய். அது என்ன மரம், இது என்ன துண்டு, ஏன் நின்றாய். அப்பாவைத் தூக்கி வெளியில் கொண்டுவந்தவர்களோடு நான் நின்றேன். அவர் உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகையால் போனார். மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இது யாரோ ஒருவர் வீடு என்று என்னை நினைத்துக்கொள்ளச் சொல்கிறாய்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அன்று பதினோரு மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். "சின்னவன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவான். வந்தா நீ ஒண்ணும் கேட்டுக்காதே" என்றார். சண்டை எதற்கு என்று கேட்டேன். அம்மாவின் அலமாரிக்கு. பிறக்கப்போகிற குழந்தையின் துணி வைக்க அந்த அலமாரி வேண்டும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அனுப்புவதற்கு முன் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி அனுப்பவேண்டும் என்று அப்பா காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னவன் கத்தியிருக்கிறான்: "அம்மாவோடதுன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் அனுப்பிட்டா இந்த வீட்டுல என்ன இருக்கு? எரிஞ்சு போகட்டும் இந்த வீடு." டெய்லர் கேட்டது இதன் வால்.

அலமாரி கூடத்தில் இருக்கிறது. புகை படிந்திருக்கிறது, எரியவில்லை. ஒரு கதவு பளபளவென்று இருக்கிறது. இன்னொரு கதவை அவர் தொடவில்லை.

ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று கேட்கிறாயே. அந்த அலமாரியைக் கேட்டது யார்?

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

நான்தான் கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ஒன்றும் எழுத முடியவில்லை. இவர் கடிதத்தைப் பிடுங்கி எங்கேயோ வைத்துவிட்டார். "இனிமே இந்த வீட்டுக்குத் தபால் வந்தா நான் படிச்சிட்டுத்தான் தருவேன்" என்கிறார். உன் விசாரணை அதிகாரி போதாதென்று இங்கேயும் ஒருவர். இதை அவர் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன்.

அழுததெல்லாம் முடிந்த பிறகு வாளி ஞாபகம் வந்தது.

அண்ணா, அப்பா பூசியது ஆளிவிதை எண்ணெய்தானே? ரிடையர் ஆன பிறகு ஊரில் இருக்கிற உடைந்த நாற்காலிக்கெல்லாம் அதைத்தானே பூசிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் மின்சார மீட்டர் பார்த்த மனுஷன், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டரைப் பார்ப்பார், அப்புறம் நாற்காலியைப் பார்ப்பார்.

அந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகும்போது சூடு விடும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெயில் நனைந்த துணியைக் குவித்து வாளியில் போட்டால் போக வழியில்லை. உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் துணி உள்ளுக்குள் கருகும், பிறகு தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஆள் வேண்டாம்.

ஆய்வுக்கூடத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாங்கள் டப்பாவுக்குள் ஒரு கரித் துண்டைத் தொங்கவிட்டு, டப்பாவைச் சூடாக்கி வைப்போம். பெட்ரோல் மாதிரி ஆவியாகிற பொருளெல்லாம் மேலே வந்து கரியில் ஒட்டிக்கொள்ளும். இந்த எண்ணெய் கனமானது, மேலே வராது. அதைத் தேட வேண்டுமென்றால் துணியைக் கரைப்பானில் ஊறவைத்துத் தனியாக வேறு சோதனை செய்யவேண்டும். யாராவது கேட்டால்தான் செய்வோம். மிளகுக்கும் இந்த வாசனையைப் பழக்கியிருக்க மாட்டாய். அதுதான் தாண்டிப் போய்விட்டது.

உருகிய வாளியை அப்படியே பெயர்த்து டப்பாவில் போட்டு மூடு. பக்கத்துத் தரையில் ஒரு துண்டு தனியாக எடு. உன் கையால் எடுக்காதே, வேறு ஆளை எடுக்கச் சொல். நீ அதிகாரியிடம் கேட்டால்தான் நடக்கும். நானோ வக்கீலோ கேட்டால் அக்காக்காரி புதுக் கதை கட்டுகிறாள் என்பார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டதிலிருந்து கையைத் தலைக்கு மேல் தூக்க வராது. கொடி உயரத்தில் இருக்கிறது. எண்ணெய்த் துணியைக் கொடியில் ஒவ்வொன்றாக விரிப்பது யார் வேலை என்று உனக்கே தெரியும். "விரிச்சுப் போடுடா" என்று உள்ளே இருந்து குரல் கொடுப்பார். "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சின்னவன் கத்துவான். போன தடவை நான் வந்திருந்தபோதுகூடக் கேட்டேன்.

அன்று அவன் மத்தியானம் வந்து விரிப்பான் என்றுதான் வாளியில் போட்டு வைத்திருப்பார்.

இதை அவனிடம் சொல்லாதே. எப்படியாவது வெளியில் கொண்டு வா. ஆனால் இதைச் சொல்லாதே, அண்ணா.


ஏப்ரல் 3

நண்டு,

சின்ன வயதில் கூப்பிட்ட பேர். கோபித்துக்கொள்ளாதே, வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வாளியை எடுத்தோம். நான் தெருவில் நின்றேன், வேறு ஊரிலிருந்து வந்த ஒருவர் உளி வைத்துப் பெயர்த்தார். நீ சொன்ன சோதனையைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. துணியில் ஆளிவிதை எண்ணெய் இருக்கிறது. பக்கத்துத் தரையில் இல்லை. நெருப்பு அந்த மூலையில்தான் பிடித்தது என்று அதிகாரியும் இப்போது ஒப்புக்கொள்கிறார். சமையலறையில் மிளகு காட்டியதை ஆதாரமாக எடுக்க வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்று கேட்டார். முதல் தடவை எழுதியபோதுதான் யோசிக்கவில்லை என்றேன்.

சின்னவனைப் போய்ப் பார்த்தேன். நீ வேண்டாம் என்றாய், நான் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் இதைச் சத்தமாகப் படிப்பார்கள். கூண்டில் நிற்கும்போது முதல் முறையாக அவன் காதில் விழக் கூடாது என்று நினைத்தேன்.

இளைத்துவிட்டான். நடுவில் கம்பி வலை. அவன் முதலில் கேட்டது உன்னைப் பற்றி. "அக்காவுக்கு எப்போ?" என்றான். இந்த மாசம்தான் என்றேன். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"டெய்லர் பாதிதான் கேட்டிருக்கார். நான் மீதியைச் சொன்னா அலமாரி வரும். அலமாரி வந்தா அக்கா பேர் வரும். அவ வயித்துல பிள்ளையோட இருக்கா. அவளுக்குத் தெரிய வேண்டாம்னுதான் இருந்தேன்."

நான் அதை மார்ச் ஆறாம் தேதியே உனக்கு எழுதிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

பிறகு கேட்டேன். "அப்பா எண்ணெய்த் துணியை எல்லாம் என்ன பண்ணுவார்?"

"அவர் எங்கே பண்ணுவார், கைதான் மேலே வராதே. நான்தான் விரிப்பேன்."

"எதுக்குன்னு சொல்லியிருக்காரா?"

"நாறும்னு விரிக்கச் சொல்றார்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு என்னையே பார்த்தான். அவன் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன். "ஏன்? அது தானாப் பத்திக்குமா?"

"குவிச்சு வச்சா பத்திக்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"சில மணி நேரம்."

கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு, "சாப்பிட வருவேன்னு வச்சிருப்பார்" என்றான்.

எத்தனையோ கோர்ட்டில் எத்தனையோ வக்கீலுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வக்கீல்கிட்டச் சொல்லிடு. நான்தான்னு ஒத்துக்கறேன்."

"நீ எதையும் கொளுத்தலடா."

"கொளுத்தினா என்ன, விரிக்காம விட்டா என்ன? அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

நேரம் முடிந்தது என்று காவலர் வந்துவிட்டார். எழுந்து போகும்போது திரும்பி, "பத்து நிமிஷ வேலை அண்ணா" என்றான்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

பெண் குழந்தை. எட்டாம் தேதி பிறந்தாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தை இவர் நேற்றுத்தான் கொடுத்தார்.

சரியா என்று கேட்கிறாய். நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் கூண்டில் நின்று கேட்டிருப்பான் என்பதும் எனக்குத் தெரிகிறது. இதற்கு மேல் இதில் என்னிடம் எதுவும் கேட்காதே. பதினைந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பெட்ரோலா, மண்ணெண்ணெயா, எண்ணெயா என்று கேட்டால் சொல்வேன். அதைத் தெரிந்துகொண்டவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்பேன்.

அவன் ஒத்துக்கொள்கிறேன் என்றால் விடாதே. அவன் கொளுத்தினான் என்பது நடக்காத விஷயம். நடக்காததைக் கோர்ட்டில் சொல்லக் கூடாது. அது மட்டுமாவது நம் இரண்டு பேருக்கும் தெரிந்த வேலை. வெளியில் வந்தால் உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. தனியாக விடாதே. அப்பா கட்டிலில் படுத்துத்தான் இருந்தார், அவருக்கு வலிக்கவில்லை என்று அவனிடம் சொல். அது உண்மைதானே? உண்மை இல்லையென்றாலும் சொல்.

அலமாரியை எனக்கு அனுப்ப வேண்டாம். குழந்தையின் துணி எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அது போதும்.

நண்டு


மே 20

நண்டு,

சின்னவன் வந்து ஒரு வாரம் ஆகிறது. வக்கீல் உனக்கு எல்லாம் சொல்லியிருப்பார். நீதிபதி அறிக்கையைப் படித்து முடித்ததும், "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். "இல்லை" என்றான். அவனுக்காக நான் செய்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்திருக்கிறோம். வேலைக்குப் போகவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், உன் அண்ணி கேட்டால் சிரிக்கவும் செய்கிறான். ஆனால் வீட்டில் எந்தத் துணியும் குவிந்து கிடக்கக் கூடாது. அடுப்பு துடைக்கிற துணி, கால் மிதியடி, மிளகைக் குளிப்பாட்டிய துண்டு, எதுவானாலும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடியில் ஒன்றோடு ஒன்று படாமல் விரித்துவிடுகிறான். காய்ந்த துணியை அண்ணி மடித்து அடுக்கினால் அதையும் பிரித்து விரிக்கிறான். "விடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அண்ணி எனக்குக் கண்ணைக் காட்டுகிறாள்.

அலமாரி இங்கே வந்துவிட்டது. புகையைத் துடைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அவன், "இன்னொரு கதவையும் முடிச்சிடலாமா?" என்று கேட்டான். எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். முதல் முறை வாங்காமல் திரும்பி வந்தேன். மறுபடியும் போய் வாங்கினேன். வேறு எதுவும் கலக்காத வெறும் எண்ணெய்.

இரண்டு பேருமாகப் பூசினோம். அப்பா பூசிய கதவு மாதிரி வரவில்லை. நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. "அவர் மூணு தடவை பூசுவார்" என்றான். முடித்ததும் துணிகளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். கொடியில் ஒவ்வொன்றாக விரித்தான். மூலைகளை இழுத்துச் சரி செய்தான். பிறகு கீழே படியில் உட்கார்ந்துகொண்டான். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிளகு தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அதற்கு இப்போது வேலை இல்லை, துறையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சோறு இன்னும் என் கையிலிருந்துதான், வேறு மாதிரி அதற்குச் சாப்பிடத் தெரியாது. நான் துணியைப் பார்ப்பதை அது பார்த்தது. எழுந்தது. கொடிக்குக் கீழே ஒரு சுற்று சுற்றியது. என்னைத் திரும்பிப் பார்த்தது.

உட்கார்ந்தது.

ஆளிவிதை எண்ணெயை அதற்கு நான் பழக்கியதே இல்லை, நண்டு. நீ எழுதியது சரி. ஒரு நாளும் அந்த வாசனைக்கு நான் சோறு கொடுத்ததில்லை.

சின்னவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன அண்ணா, இதுவும் பெட்ரோலா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஜெயிலில் இருந்து வந்த பிறகு அவன் சொன்ன முதல் ஜோக். நான் சிரிக்க முயற்சி செய்தேன்.

மிளகு என்னோடு ஆறு வருஷம். அது உட்கார்ந்ததை நான் எழுதிக்கொண்டு வந்த வீடுகள், கடைகள், கிடங்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் உள்ளே போகும் முன் யாராவது ஒருவர் எனக்கு ஏதாவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கோப்புகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். எந்தெந்த டப்பாவை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நீதான் சொல்லித் தரவேண்டும். இனிப் போனிலேயே சொல், எடுக்கிறேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வா. அலமாரியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போ.

துணி காய்ந்து விறைத்துவிட்டது. சின்னவன் அதற்குப் பிறகும் படியில்தான் இருந்தான். "எழுந்து வாடா" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் அண்ணா" என்றான். நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். மிளகும் கொடிக்கு அடியை விட்டு நகரவில்லை. சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்தபடி, இருட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அண்ணன்